ஏர்பிரஷ்ஷுக்கு ஸ்ப்ரே பூத்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் பிளாஸ்டிக் மாடல்களுக்கு ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவி) பெயின்ட் அடிக்க ஸ்ப்ரே பூத் (துகளையும் ஆவியையும் விசிறியால் இழுத்து வெளியே தள்ளும் பெட்டி) அவசியமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவசியம்தான். ஆனால் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் முதலில் வாங்கியது சூட்கேஸ் போல மடக்கி வைக்கிற சின்ன பூத். பின்னால்தான் ஃபில்டர் இருக்கிறதே என்று, காற்றை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோகும் குழாயை மாட்டாமலே அடித்தேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கத் தின்னர் வாடை. "என்னடா, நெயில் பாலிஷ் கடை வச்சிருக்கியா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். ஃபில்டர் பிடிப்பது பெயின்ட் துகளை மட்டும்தான். ஆவி அதைத் தாண்டி மறுபடி அறைக்குள்ளேயே வந்துவிடும்.

அப்புறம் குழாயை மாட்டினேன். மூன்று மீட்டர் குழாய், இரண்டு வளைவு. இப்போது இழுவை போய்விட்டது. இந்தக் குழாய்களின் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருப்பதால் காற்று உரசி வேகம் குறைகிறது. மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, குழாயை ஒரு மீட்டருக்கும் குறைவாக வெட்டி, விறைப்பாக இழுத்து மாட்டியதும்தான் பூத் ஒழுங்காக வேலை செய்தது. ஜன்னல் இடைவெளியைத் தெர்மோகோலால் அடைத்தேன். இன்னொன்று: வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர வேண்டும். அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

பூத் எவ்வளவு காற்றை இழுக்கும் என்று விளம்பரத்தில் போடும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். பூத்தின் வாய்ப்பகுதியில், அதாவது திறந்த முன்பக்கத்தில், காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்திலாவது உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாய் 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால் நிமிடத்துக்கு 3.6 கன மீட்டர் காற்று வேண்டும். பெட்டியில் 4 என்று போட்டிருந்தால் தாராளம் போலத் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் குழாயும் ஃபில்டரும் இல்லாமல் அளந்த எண். எளிய சோதனை ஒன்று: பூத்தை ஓடவிட்டு வாயருகே ஊதுபத்தி பிடியுங்கள், புகை எப்படிப் போகிறதென்று தெரிந்துவிடும். தின்னர் பாட்டில் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வேண்டாம்!

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்து நாமே செய்யலாமே என்று தோன்றும். இறக்கை விசிறி திறந்த சுவரில் நன்றாக இழுக்கும். ஃபில்டர், குழாய் என்று தடை வந்தால் திணறும். தடையையும் மீறிக் காற்றைத் தள்ளும் ப்ளோவர் வகைதான் சரி. அதோடு, எக்ஸாஸ்ட் ஃபேனில் மோட்டார் காற்றோட்டத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்; அதில் பொறி பறந்தால் ஆவி பற்றிக்கொள்ளலாம். ஏர்பிரஷ்ஷில் போகும் ஆவி கொஞ்சம்தான், ஆனால் ஸ்ப்ரே கேனில் பெயின்டைத் தள்ளுவதே பெரும்பாலும் எரியும் வாயு. அதனால் கேன் வேலையை நான் மொட்டை மாடியில் வைத்துக்கொள்கிறேன்.

அளவு நீங்கள் கட்டும் மாடலைப் பொறுத்தது. 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமானம் இறக்கை நுனிக்கு நுனி 16 செ.மீ.கூட வராது, எந்த பூத்திலும் அடங்கும். அதே அளவில் பி-17 குண்டுவீச்சு விமானம் சுமார் 44 செ.மீ.; 1/350 யமாட்டோ கப்பல் 75 செ.மீ. போர்க்கப்பல் ஆசை இருந்தால் இப்போதே அகலமாக வாங்கிவிடுங்கள்.

வல்லேஹோ போன்ற தண்ணீர் பெயின்டுக்கு வாடை குறைவு, துகள் என்னவோ துகள்தான். மிஸ்டர் கலர் போன்ற, தின்னரில் கரையும் லாக்கர் பெயின்டுக்கு, பூத் ஓடினாலும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (ஆவியைப் பிடிக்கும் டப்பி) உள்ள மாஸ்க் போடுங்கள். கொரோனா காலத்து என்-95 துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

அடித்து முடித்ததும் உடனே சுவிட்சை அணைக்காதீர்கள். என் அனுபவத்தில் வாடை அதிகம் கிளம்புவது ஏர்பிரஷ்ஷைத் தின்னர் விட்டுக் கழுவும்போதுதான். அதையும் பூத்துக்குள்ளேயே செய்துவிட்டு, இன்னும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்.