மகள் கேட்ட கேள்வியிலேயே படிப்பு இருக்கிறது

மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு போன வாரம் அவளோடு நீங்கள் மூவரும் வந்தபோது முதல் பத்து நிமிஷம் உங்களைத் தேற்றத்தான் பார்த்தேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவுப் பட்டப்படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். சித்தப்பா பையன் அதைத்தான் படிக்கிறான் என்பது அவனுடைய விஷயம். உங்கள் மகளுக்கு அது காரணமாகாது.

அன்று அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை. "ரயில்ல போறப்ப டவர் மாறிக்கிட்டே இருக்கே, வீடியோ மட்டும் ஏன் நிக்கல?" என்று என்னிடம் கேட்டாள். நீங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துறையின் பெயர் பாக்கெட் கோர்: மொபைல் நெட்வொர்க்கில் டவர்களுக்குப் பின்னால் இருந்து போனை இணையத்தோடு இணைக்கும் மையப் பகுதி.

முன்பு ஜிஎஸ்எம் என்ற 2ஜி போனில் டேட்டா என்றால் அதுவும் ஒரு அழைப்புதான். நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். எதுவும் வராத நேரத்திலும் ஒரு தடத்தை முழுதாகப் பிடித்துவைத்திருக்கும். 2000 வாக்கில் அதன் மேல் வந்த ஜிபிஆர்எஸ் என்ற டேட்டா முறை அதை மாற்றியது. தரவைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டி, அனுப்ப ஏதாவது இருக்கும்போது மட்டும் தடத்தை எடுத்துக்கொண்டது. அதற்காக நெட்வொர்க்கில் இரண்டு புதுப் பெட்டிகள் வந்தன: போன் எங்கே இருக்கிறது என்று பின்தொடரும் எஸ்ஜிஎஸ்என், இணையத்துக்கு வாசலாக நிற்கும் ஜிஜிஎஸ்என்.

மகளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. போனின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் விலாசம், அந்த வாசலில் மாறாமல் நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. ஜிடிபி என்ற இந்தச் சுரங்கத்தின் மறுமுனையை மட்டும் டவர் மாறும்போது நகர்த்தி வைக்கிறார்கள். வீடியோ அனுப்பும் சர்வருக்கு ரயில் ஓடுவதே தெரியாது. 4ஜியில் பேச்சே பாக்கெட்டாகப் போக ஆரம்பித்தது. 5ஜியில் பெட்டிகளின் பெயர்கள் மாறின. எஸ்எம்எஃப் இணைப்பை அமைக்கிறது, யுபிஎஃப் தரவைச் சுமக்கிறது. சுரங்கம் மட்டும் அதே ஜிடிபிதான்.

இன்று இவையெல்லாம் சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருள்கள். அதனால் வீட்டிலேயே பழகலாம். ஓப்பன்5ஜிஎஸ் என்ற கோர் மென்பொருளும், போனும் டவரும் போல நடிக்கும் யுஇரான்சிம்மும் இலவசம். லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரு லேப்டாப்பில் இரண்டும் ஓடும், ரேடியோ கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில், போகிற வருகிற பாக்கெட்டுகளைத் திறந்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னப் பாக்கெட்) அனுப்பினால், பாக்கெட்டுக்குள் பாக்கெட் இருப்பது கண்ணிலேயே படும். ஜிடிபி சுரங்கம் போகும் யுடிபி போர்ட் 2152 என்று வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மொபைல் நெட்வொர்க்குகளுக்கு விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலை ஆவணங்களையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 5ஜிக்கு 23.501 என்ற எண்ணுள்ள ஆவணம். முழுதும் படிக்க வேண்டாம், எடுத்ததும் மலைப்பாக இருக்கும். படங்களைப் பார்த்தாலே போதும்.

பட்டம் வேண்டாமா? வேண்டும். கட்டணம் குறைந்த கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ்-தகவல் தொடர்போ கணினி அறிவியலோ, எது கிடைத்தாலும் சரி. அதோடு டிசிபி ஐபி என்ற இணையத்தின் அடிப்படை விதிமுறைகள், லினக்ஸ் இரண்டும் கைவந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கருவி தயாரிப்பவர்கள், சோதனைக்கூடங்கள், தனக்கென்று 5ஜி அமைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகள், துறைமுகங்கள் என்று வேலை பல இடங்களில் இருக்கிறது. ஒன்றை மறைக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் பெரிய மாற்றங்களைப் பெரும்பாலும் நள்ளிரவில்தான் செய்வார்கள். தூக்கம் கெடும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இதையும் அவள் மேல் திணிக்காதீர்கள். உறவினர்கள் சொன்ன படிப்புக்குப் பதில் நான் சொன்ன படிப்பு என்று ஆகிவிடக் கூடாது. ஒரு மாதம் லேப்டாப்பை அவளிடம் விட்டுவிடுங்கள். கோரில் ஒரு பொய்ப் போனைப் பதிவு செய்து அதற்கு ஐபி முகவரி வாங்கிக் காட்டட்டும். முதல் தடவை கட்டாயம் வராது. பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டுகிறாளா, மூடி வைத்துவிடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். மூடி வைத்துவிட்டால் கோபிக்காதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு வழி பேசலாம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.