வியாழக்கிழமை சுண்டல்: பகல்நேர மையம் நடத்துவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

நாள்பட்ட மனநோயோடு வாழும் பெரியவர்களுக்கான பகல்நேர மையத்தில் பல ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகள் வழியாகவே மீண்டுவர உதவுபவராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில:

காலை ஒன்பதரைக்கு யோகா வைத்தால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்குகிறார்கள். சோம்பலா மேடம்?

சோம்பல் என்ற சொல்லையே மையத்துக்குள் விடாதீர்கள். குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநோய் மாத்திரைகளை இரவில் போட்டால் தூக்கக் கலக்கம் காலையிலும் இழுக்கும். அதுபோக, எதையும் தொடங்க மனம் எழாமல் போவதே சிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோயின் அறிகுறிகளில் ஒன்று. யாரும் பேசாமலே குரல் கேட்பது மருந்தில் அடங்கினாலும் இது சுலபத்தில் அடங்காது. யோகாவைப் பதினொரு மணிக்குத் தள்ளுங்கள். முதலில் டீ கொடுங்கள்.

வண்ணம் தீட்டச் சொன்னேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், "நான் என்ன எல்கேஜி பையனா?" என்று தாளை வீசிவிட்டார்.

அவர் கேட்டது நியாயம். நோய் வருமுன் என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தீர்களா? எங்கள் மையத்தில் வியாழன் என்றால் சுண்டல். காகிதப் பூவுக்கு அசையாதவர்கள் இதற்கு எழுந்து வந்தார்கள்; நாலு மணிக்கு எல்லோரும் சாப்பிடப்போகும் பண்டமாயிற்றே. புதன் மாலை கடலை ஊறவைப்பது ஒருவர் பொறுப்பு. இரண்டு தடவை மறந்தார். பொரி வாங்கிச் சாப்பிட்டோம், யாரும் திட்டவில்லை. இருவர் கடைக்குப் போய்த் தேங்காயும் மாங்காயும் வாங்குவார்கள், மீதிச் சில்லறையை இன்னொருவர் எண்ணி நோட்டில் எழுதுவார். மருந்தால் கை நடுங்குபவருக்குக் கத்தி வேண்டாம், கறிவேப்பிலை உருவட்டும். முன்பு டீக்கடை வைத்திருந்தவர் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தார். ஒரு வியாழன் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "கடுகு வெடிக்கட்டும், அவசரப்படாதம்மா" என்றார். இப்போது தாளிப்பு அவருடையது.

ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார், சேரவே மாட்டார்.

வருகிறாரே! தினமும் அதே இடத்தில் நாற்காலி போடுங்கள். போகும்போது, "நாளைக்கும் வாங்கண்ணா" என்று சொல்லுங்கள்.

தம்பி மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். தோட்ட வேலைக்கு விடலாமா அக்கா?

விடலாம், உச்சி வெயிலில் வேண்டாம். வியர்த்து உடல் வறண்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், கை நடுக்கம் அதிகமாவது இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மெழுகுவர்த்தி செய்து விற்கிறோம். செய்தவர்களுக்குப் பணம் தர வேண்டுமா?

கட்டாயம் தர வேண்டும். மனநல நிலையங்களில் வேலை செய்யும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அவரவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். என்ன செலவு செய்தார்கள் என்று கேட்க வேண்டாம்.