வேனுக்குள் சோதித்த முடிவை நம்பலாமா?

கேள்வி: நச்சுக் கழிவு கொட்டிய நிலத்தைச் சுத்தம் செய்யும் இடத்தில் ஒரு வேனை நிறுத்தி, அதற்குள்ளேயே மண்ணைச் சோதிக்கிறார்கள். பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பாமல் அங்கேயே சொல்லும் முடிவை எப்படி நம்புவது?

பதில்: அப்படிப்பட்ட வேனுக்குள் வேலை பார்த்தவன் நான். தாராளமாக நம்பலாம் என்பேன். ஆனால் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.

இந்த வேலையில் பெரிய பிழை பெரும்பாலும் கருவியில் வருவதில்லை, மண்ணில்தான் வருகிறது. ஒரே குழியில் ஒரு சாண் தள்ளி எடுத்த மண்ணில் ஈயத்தின் அளவு பல மடங்கு மாறும். அதனால் மிகத் துல்லியமான நாலைந்து அளவுகளைவிட, ஓரளவு துல்லியமான நூறு அளவுகள் நஞ்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நன்றாகக் காட்டும். அதுவும் அன்றே தெரிந்தால் அடுத்த குழியை எங்கே போடுவது, எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று கையோடு முடிவெடுக்கலாம். வெளியே அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தால், தோண்டிய குழி மழைக்கும் காற்றுக்கும் திறந்தே கிடக்கும்.

உலோகங்களுக்குக் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி ஓரிரு நிமிடத்தில் அளவு சொல்லிவிடும். ஈர மண்ணில் அது குறைத்துக் காட்டும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உலர்த்திச் சலித்த பிறகே அளப்பேன். கருவியின் கதிர் பட்டதும் ஈயமும் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமமும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் (10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில்) ஒன்றன்மேல் ஒன்றாகக் கதிர் விடுவதால், ஈயம் மிகுந்த மண்ணில் கொஞ்சமாக இருக்கும் ஆர்சனிக் மறைந்துபோகும். அந்த மண் பெரிய ஆய்வகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே ஆவியாகிவிடும். கிணற்று நீரை 40 மில்லி குப்பியில் விளிம்பு ததும்பப் பிடித்து, மூடிக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். குமிழிக்குள் அவை ஆவியாகிப் போகும் என்பதால், பட்டாணி அளவுக் குமிழி தெரிந்தாலும் வேறு குப்பியில் புதிதாகப் பிடிப்போம். சோதனை பக்கத்திலேயே நடந்தால் இழப்பும் குறைவு. காற்றில் கலந்தவற்றையும் இப்படி அங்கேயே அளக்கலாம்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டாகா என்ற ஆய்வகப் பேருந்துகள் ஓடிக்கொண்டே காற்றை அளப்பவை. 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது கரையோரமாக ஓடின.

நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. நஞ்சே இல்லாத மாதிரியை ஓட்டிப் பார்த்தார்களா? ஒரே மண்ணை இரண்டு முறை அளந்தபோது ஒத்துவந்ததா? ஒரு பங்கைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டார்களா? மூன்றுக்கும் பதிவேட்டில் பதில் இருக்கும். காட்ட மறுத்தால், அந்த முடிவை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.