சென்னையில் இருந்துகொண்டே பனிச்சறுக்குக்கு உடம்பைப் பழக்க முடியுமா?

"ஜனவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறேன், முதல் முறையாகப் பனிச்சறுக்குப் பழக. சென்னையில் என்ன தயாரிப்பு செய்வது?" என்பது கேள்வி.

பனி இல்லாவிட்டால் போகட்டும், பாதம் இருக்கிறதே. புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, சரிவைப் பார்த்த பயத்தில் பின்னால் சாய்வது. எடை குதிகாலுக்குப் போய்விடும். காலில் மாட்டிய சறுக்குப் பலகையின் முன்பக்கம் பனியைப் பிடிக்காது, வளைந்து திரும்பவும் முடியாது. சிக்கல் என்னவென்றால், சாய்ந்திருப்பதே நமக்குத் தெரியாது. கண், உள்காது, தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்புகள் மூன்றும் சேர்ந்துதான் உடம்பின் நிலையை மூளைக்குச் சொல்கின்றன. நாம் கண்ணையே அதிகம் நம்பிப் பழகிவிட்டோம்.

அதனால் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு (சுவர் பக்கத்தில்!). கணுக்கால் படும் பாடு அப்போதுதான் புரியும்.

அப்புறம் பெசன்ட் நகர் கடற்கரை. ஈர மணல் கடலை நோக்கிச் சரிகிற இடத்தில், தண்ணீருக்குப் பக்கவாட்டாக, வெறுங்காலோடு நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைத் தாழ்வான பக்கத்துக் காலுக்கு மாற்றுங்கள். உடம்பு மேட்டுப்பக்கம் சாயத் துடிக்கும், விடாதீர்கள். பனியில் சரிவுக்குக் குறுக்கே போகும்போதும் கீழ்ப்பக்கத்துப் பலகைதான் பெரும்பகுதி எடையைத் தாங்க வேண்டும்.

ஜிம்மில் தொடையை வலுவாக்குவதும் நல்லதுதான், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம்.

அங்கே போய் பூட்ஸ் மாட்டியதும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கை (முன்பக்க மடலை) அழுத்துகிறதா? அந்த அழுத்தம் விட்டுப்போனால், சரி, பின்னால் சாய்ந்துவிட்டீர்கள்.