ஒலிம்பஸ் உச்சிக்கு அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: செப்டம்பரில் கிரீஸ் செல்கிறோம். தினமும் நடைப்பயிற்சி செய்யும் 61 வயது அப்பாவையும் சேர்த்து, ஒரே நாளில் ஒலிம்பஸ் மலையில் ‘ஜீயஸின் சிம்மாசனம்’ வரை அழைத்துச் செல்வதாகப் பயண முகவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஜீயஸின் சிம்மாசனம் எனப்படும் ஸ்டெஃபானி செங்குத்தான பாறைச் சிகரம்; பாறையேறும் பயிற்சி உள்ளவர்களுக்கே உரியது. அதை உங்கள் அப்பாவுக்கு விற்கிறவர் அந்த மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். லிட்டோகோரோ ஊரிலிருந்து 18 கி.மீ. தொலைவில், 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பிரியோனியாவோடு கார்ச் சாலை முடிந்துவிடுகிறது. ரோப் கார் கிடையாது. பல தொகுப்புச் சுற்றுலாக்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பி, ‘ஒலிம்பஸ் பார்த்தாயிற்று’ என்று கணக்கை முடித்துவிடுகின்றன.

பிரியோனியாவிலிருந்து மூன்று மணி நேரம் ஏறி, 2,100 மீட்டரிலுள்ள ஸ்பிலியோஸ் அகாபிடோஸ் மலை விடுதியில் இரவு தங்குங்கள். பிற்பகலில் இடிமழை வரக்கூடிய மலை என்பதால், விடியலில் புறப்பட்டு 2,866 மீட்டர் உயரமுள்ள ஸ்காலா சிகரத்தை அடைவதே முறை. அங்கிருந்து ஸ்கோலியோ சிகரம் சிறிது தூர நடைதான். ஒலிம்பஸின் மிக உயர்ந்த சிகரமான 2,917 மீட்டர் மிட்டிகாஸைவிட அது ஆறேழு மீட்டரே குறைவு; அப்பாவுக்கு அதுவே போதும்.

மிட்டிகாஸுக்குச் செல்லக் கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்காலாவிலிருந்து அங்கு செல்லும் காகிஸ்காலா பாதையில் கைகளையும் ஊன்றித் தவழ வேண்டும். பாறையில் பூசிய வண்ணக் குறிகளே வழிகாட்டி. முன்னே செல்பவரின் காலடியில் பெயரும் கல் பின்னால் வருபவரின் தலைக்குத்தான் வரும். ஆகவே பாறை முற்றிலும் உலர்ந்திருந்து, தலைக்கவசமும் தகுதிபெற்ற வழிகாட்டியும் இருந்து, கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றால், உயரத்துக்கு அஞ்சாத நீங்கள் மட்டும் போகலாம். இதில் ஒன்று குறைந்தாலும் ஸ்காலாவிலேயே திரும்பிவிடுங்கள்.

மலை விடுதியை நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம்; அதற்குத் தரகு கொடுப்பது வீண். விசா கிடைக்குமா என்று தெரியுமுன்பே தங்குமிடச் சான்று கேட்கும் ஷெங்கன் (கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) நடைமுறையால்தான் இந்த முகவர்களின் பிழைப்பே ஓடுகிறது, யாரிடம் முறையிடுவது? அந்த விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் மலையேற்ற விபத்து பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். மலை மீட்புச் செலவு அதில் அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.