முதலில் வாடகைக்கு வாருங்கள், அம்மிணி

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கோவை சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கணவர் இங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, கோவையில் புதிதாகத் தேட வேண்டும். மகள் நான்காம் வகுப்பு. காளப்பட்டிப் பக்கம் பத்து வருடப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 55 லட்சத்துக்கு வந்திருக்கிறது. அதே வளாகத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 16,000. எங்கள் கையிருப்பு 14 லட்சம். "வாடகை குடுக்கறது ஆத்துல போடற காசு, வாங்கீருங்க. பத்தலீன்னா வாய்க்கா ஓரத்து அரை ஏக்கரை வித்துத் தர்றேன்" என்கிறார் மாமனார். கணவருக்கும் அதே எண்ணம்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி

பதில்: அம்மிணி, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. இப்போதைக்கு வாங்காதீர்கள். மகளுக்கு இரண்டு பள்ளி ஆண்டுகள் முடியும்வரை வாடகைக்கு இருங்கள். காரணம் சொல்லத் தெரியவில்லை என்றீர்களே, அதை நான் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

மாமனார் சொன்ன ஆற்றுக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 55 லட்சத்து வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 44 லட்சம் தரலாம். மீதி 11 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். பழைய வீடு என்பதால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவே 5 லட்சத்தைத் தொடும். இதை வங்கிக் கடனில் சேர்க்க மாட்டார்கள். ஆக 16 லட்சம் வேண்டும், உங்களிடம் 14 இருக்கிறது. அரை ஏக்கர் இங்கேதான் பேச்சுக்குள் வருகிறது.

44 லட்சத்தை எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 38,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதல் மாதத் தவணையில் 31,000-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் 7,000. ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 23 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் குறைந்திருப்பதோ ஐந்தேகால் லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதே ஐந்து வருடம் 16,000 வாடகையில் இருந்து, வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக் கொடுத்தாலும் மொத்தம் பத்தரை லட்சத்துக்குச் சற்று மேல்தான். வட்டியும் அதே ஆற்றில் போகிற காசுதான் என்று மாமனாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். காலம் முழுக்க வட்டி கட்டியே விவசாயம் பார்த்தவருக்கு இது உடனே பிடிபடும்.

வீட்டு விலை ஏறாதா என்று கணவர் கேட்பார். ஏறலாம். ஆனால் அடுக்குமாடியில் ஏறுவது, எல்லா வீட்டுக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத பாகத்தின் மதிப்பு, கட்டடத்துக்கு வயசுதான் ஏறும். பத்து வருடக் கட்டடம் உங்கள் கடன் முடியும்போது முப்பது வருடக் கட்டடமாகியிருக்கும். எட்டு, பத்து வருடம் கோவையில்தான் என்று உறுதியாகிவிட்டால் வாங்குவதை நானே சொல்வேன். இன்றைக்கு அந்த உறுதி எங்கே இருக்கிறது? ஒரு சம்பளம்தான் வருகிறது, அதுவும் புது வேலை. கணவருக்குக் குறிச்சி சிட்கோ பக்கம் வேலை அமைந்தால் அவர் தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வர வேண்டும். திருப்பூரில் அமைந்தால் அது வேறு திசை.

அப்புறம் தண்ணீர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2003-ல் நாங்கள் தாராபுரத்திலிருந்து கோவைக்கு வந்த மூன்றாவது மாதமே, நகருக்குக் கிழக்கே ஒரு வீட்டை வாங்கிவிட்டோம். போய்ப் பார்த்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெரு சில்லென்று இருந்தது, ரோட்டில் வண்டியே இல்லை. சமையலறைக் குழாயின் வாயில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு போல ஒரு வளையம் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அது என்னவென்று விற்றவரிடம் கேட்கத் தோன்றவில்லை. மாசி பிறந்ததும் தெரிந்துவிட்டது. ஆழ்குழாய்த் தண்ணீர் அத்தனை உப்பு. பருப்பு வேகாது, தலை முடி சிக்கு விழும், எவர்சில்வர் குடம் ஆறு மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். நல்ல தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வரும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ. வாடகை வீடாக இருந்திருந்தால் சித்திரையில் சாமானைக் கட்டியிருப்போம். சொந்த வீடு என்பதால் ஒன்பது வருடம் அங்கேயே இருந்தோம்.

கோவையில் மேற்குப் பகுதிகளுக்குச் சிறுவாணி, மற்றப் பல பகுதிகளுக்குப் பில்லூர்த் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு கதை வேறு. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது பெரிய மாற்றமாகத்தான் இருக்கும். ஒரு கோடையை வாடகை வீட்டில் கழித்தால், எந்தத் தெருவில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சத்தி ரோட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடு திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதும் அப்படி இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி அந்த அரை ஏக்கர். இதில் என் மனசு ரொம்பக் கனக்கிறது. அடுக்குமாடி வீடு இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம் இன்னொன்று வரும். கொடிவேரித் தண்ணீர் பாயும் வயலை விற்றுவிட்டால், அதே வாய்க்கால் ஓரத்தில் திரும்ப வாங்கவே முடியாது. கணவருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அக்காவோ தங்கையோ இருந்து, நிலம் பூர்வீகச் சொத்தாகவும் இருந்தால், 2005-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு. நாத்தனாரைக் கேட்காமல், அவர் கையெழுத்து இல்லாமல் விற்கிற பேச்சே வேண்டாம். கையெழுத்துச் சண்டையில் பிறந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திய பெண்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வந்திருக்கின்றன.

உங்களிடம் 14 லட்சம் இருப்பது தெரிந்தால் புரோக்கர்கள் போக்கியத்துக்கு இழுப்பார்கள். "பத்து லட்சம் குடுத்துருங்க, மாச வாடகையே வேண்டாம், போறப்ப முழுசா வாங்கிக்கலாம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுக்கும், உங்கள் பத்து லட்சம் நடுவில் தொங்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், பத்திரம் பதியாமல் போக்கியத்துக்குப் பணம் கொடுக்கவே கூடாது. என்னைக் கேட்டால், வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மாத வாடகைதான் நல்லது.

வாடகைக்கும் சட்டம் இருக்கிறது. 2019-லிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் நீங்களே வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள், தயங்காமல் பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள்.

மிச்சப்படும் பணத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 22,000. கணவருக்கு வேலை அமையும்வரை முடிந்த அளவு போடுங்கள், அமைந்த பிறகு முழுசாகத் தொடர் வைப்பில் போடுங்கள். இப்படிச் சேர்த்தால்தான் வாடகை உங்களுக்கு உதவும், செலவாகிவிட்டால் மாமனார் சொன்னதே உண்மையாகிப் போகும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பணத்தோடு, உங்களுக்குப் பிடித்துப்போன தெருவில் வீடு தேடுங்கள். அப்போது தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று கேளுங்கள். குடி போகிற அன்றைக்கு வாடகை வீடுதானே என்று விடாமல் பால் காய்ச்சுங்கள், மாமனாரையும் கூட்டி வாருங்கள். மறுநாள் காலை பேத்தியின் பள்ளி வண்டி நிற்கும் இடம்வரை அவரே கூட நடந்து போய் ஏற்றிவிட்டு வரட்டும்.