பொன்னா, பேரனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெசூவியஸ் எரிமலையில் கருகிப்போன 2,000 ஆண்டுப் பழைய சுருள் ஒன்றை ஏஐ படித்துவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அனுப்பியது என் மகள். கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பட்டம் வாங்கியதும் சுவடியியல் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இயந்திரமே படித்துவிடும் காலத்தில் பழைய எழுத்தை உட்கார்ந்து கற்பது வேலையற்ற வேலை இல்லையா? அந்தச் சுருளைப் படித்ததற்கு 7 லட்சம் டாலர் பரிசாம். அதை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தால் நாலு உயிர் பிழைத்திருக்கும். மகளை அவள் போக்கில் விடலாமா? உங்கள் ஆலோசனை தேவை.

கா., பொள்ளாச்சி

அன்புள்ள கா.,

சென்ற வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார்கள். என் பெரியப்பாவின் ஏட்டுக்கட்டுகளில் மிஞ்சியது ஒன்று அதற்குள் இருந்தது. கயிறு இற்றுப்போயிருந்தது. ஓர் ஏட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விரலுக்குக் கீறல் நெருடுகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் பழுப்பு ஓலை. அதை எடுத்த இடத்தில் வைக்கவும் மனமில்லாமல் மேசையிலேயே போட்டிருந்தேன். இரண்டு நாளில் உங்கள் கடிதம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தச் சுருளைத் திறக்காமல் உள்ளே பார்க்க உதவியது சி.டி. ஸ்கேன் யுக்தி. அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு பொறியாளர். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள், 1979இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. மருத்துவம் இந்தப் பக்கம், ஏடு அந்தப் பக்கம் என்று நீங்கள் கோடு கிழித்தால் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? பரிசுப் பணம் தனியார் சேர்ந்து போட்டது, நீங்களும் நானும் கட்டிய வரி இல்லை. அது போதும்.

என்னை உறுத்தியது வேறு. "ஏஐ படித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். காணொளிக்காரர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அவருக்குத் தலைப்பு வேண்டும். பெண்ணை இவ்வளவு படிக்க வைத்த நீங்களும் அதை அப்படியே திருப்பிச் சொல்லலாமா?

நடந்ததைச் சொல்கிறேன். கி.பி. 79இல் இத்தாலியில் வெசூவியஸ் வெடித்தபோது பொம்பெயி நகரத்தோடு சேர்ந்து புதைந்த ஊர் ஹெர்குலேனியம். 1750களில் அங்கே சுரங்கம் தோண்டியவர்கள் ஒரு பெரிய மாளிகைக்குள் கரிக்கட்டை போலக் கிடந்தவற்றை அள்ளினார்கள். அவை பாப்பிரஸ் என்ற கோரைத் தாளில் எழுதிய சுருள்கள் என்று பிறகுதான் புரிந்தது. பியாஜ்ஜோ என்ற பாதிரியார் வாடிகனில் இருந்து வந்து, பட்டு நூலும் எடைக்கட்டியும் வைத்த ஒரு சட்டத்தில் சுருளைத் தொங்கவிட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்தார். ஒரு சுருளுக்கே வருஷக்கணக்கு. அப்போதும் பாதி தூளாகக் கொட்டியது. பிரிக்கவே முடியாதவை பல நூறு தேங்கின. அதில் ஆறு, 1802இல் நெப்போலியனுக்குப் பரிசாகப் பாரிஸ் போயின.

கென்டக்கி பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் பிரெண்ட் சீல்ஸ் இந்தச் சுருள்களைத் தொடாமல் படிக்க 20 ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார். இஸ்ரேலில் எங்கேதியில் கிடைத்த எரிந்த சுருள் அவருக்கு வசப்பட்டது, அதில் பைபிளின் லேவியராகமம் இருந்ததை உலகத்துக்குக் காட்டினார். ஹெர்குலேனியம் மட்டும் மசியவில்லை. ஏன் என்பதில்தான் என் பெட்டி ஓலை ஞாபகத்துக்கு வந்தது.

நம் ஏட்டில் எழுத்தாணி கீறியது கண்ணில் படாது. கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் கீறலுக்குள் கரி தங்கி எழுத்து எழும்பும். கரிதான் நமக்கு எழுத்தைக் காட்டுவது. அங்கே எல்லாம் தலைகீழ். அவர்கள் மையே கரி, புகைக்கரியைப் பிசினில் கரைத்து எழுதியது. எரிமலை வந்து பாப்பிரஸையும் கரியாக்கிவிட்டது. கரிமேல் கரி. எக்ஸ்-கதிர் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது. 2019இல் ஆக்ஸ்போர்டு அருகே உள்ள டயமண்ட் என்ற துகள்முடுக்கி நிலையத்தில் அவ்வளவு கூர்மையாகப் படம் எடுத்தும், சுருளின் மடிப்பு தெரிந்ததே தவிர எழுத்து தெரியவில்லை.

2023 மார்ச்சில் சீல்ஸும் பரிசுப் பணம் போட்டவர்களும் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டுப் போட்டி அறிவித்தார்கள். சுருளின் ஒவ்வொரு சுற்றையும் படத்துக்குள் கையால் கோடு இழுத்துப் பிரித்துத் தட்டையாக்க, சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். காணொளியில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததா? இருந்திருக்காது.

இனிதான் முக்கியமான இடம். முன்பு நாசா ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர், அந்தத் தட்டையாக்கிய படங்களை மணிக்கணக்கில் வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆமாம், வெறும் கண்ணால். பார்த்துப் பார்த்து, சில இடங்களில் மேற்பரப்பு காய்ந்த குளத்துச் சேறு போல நுணுக்கமாக வெடித்திருப்பது அவர் கண்ணில் பட்டது. அந்த வெடிப்புகள் எழுத்தின் வடிவத்தில் ஓடின. மை அங்கே மேலே படிந்து உலர்ந்திருக்கிறது! சீல்ஸ் கூட்டத்தார் எத்தனையோ ஆண்டாகத் தேடியது இதைத்தான். அதன் பிறகே லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் அந்த வெடிப்பைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினார். கணினி இன்னும் கொஞ்சம் வெடிப்பு கண்டுபிடித்துக் கொடுக்கும், அதை மறுபடி அதற்கே காட்டுவார். அப்படி 2023 அக்டோபரில் வெளிவந்த முதல் சொல் 'போர்ஃபிராஸ்', ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெர்லினில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எகிப்தியர் யூசுஃப் நாதரும் தனியாக அதே சொல்லை எட்டியிருந்தார்.

இன்னொன்று கேளுங்கள், உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கும். அந்தக் கணினி நிரலுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆல்ஃபா எது, பீட்டா எது என்றுகூடத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். மொழி தெரிந்த இயந்திரம் என்றால், இல்லாத எழுத்தையும் இருப்பதாகத் தானே எழுதிக்கொள்ளும் என்ற பயம். படத்தை ஒவ்வொரு சின்னத் துண்டாக எடுத்து "இங்கே மை உண்டா, இல்லையா?" என்று மட்டும் அது சொன்னது. பெரியப்பா ஏட்டுக்குக் கரி தடவுவாரே, அந்த வேலை. கரி தடவிய துணி ஏட்டைப் படித்தது என்று யாராவது சொல்வார்களா?

படித்தது யார்? நேப்பிள்ஸில் ஃபெடரிகா நிக்கோலார்தி, பிரிஸ்டலில் ராபர்ட் ஃபவுலர், மிச்சிகனில் ரிச்சர்ட் ஜான்கோ என்று நீங்கள் 'வேலையற்ற வேலை' என்று எழுதிய வேலையிலேயே ஆயுளைப் போட்டவர்கள். 2024 பிப்ரவரியில் ஃபாரிட்டர், நாதர், சுவிட்சர்லாந்து மாணவர் ஜூலியன் ஷில்லிகர் மூவருக்கும் அந்த 7 லட்சம் டாலர் கிடைத்தபோது கையில் இருந்தது 15 பத்தி, 2,000க்கு மேல் எழுத்து. முழுச் சுருளில் அது சுமார் 5 சதவீதம். அந்தக் கிரேக்கத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, தொடர்ந்து ஓடும். எங்கே வெட்டுவது, அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதெல்லாம் மொழி ஊறியவர்களின் பாடு.

இது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பெரியப்பா வைத்தியர். ஊரில் ஏடு படிக்கத் தெரிந்த கடைசி ஆளும் அவர்தான். கரி குழைப்பது என் வேலை. அதிகமாகக் குழைத்தால் ஓலையெல்லாம் கறுத்துவிடும், முதுகில் ஒன்று விழும். ஒரு நாள் பங்காளிகள் இருவர் ஒரு நில ஓலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பொன் கொடுத்த நிலம்" என்று ஒருவர், "பேரன் கொடுத்த நிலம்" என்று மற்றவர். இரண்டுமே சரியாகப் படித்ததுதான்! ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை பொத்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அப்படியே. காலும் ரகரமும் ஒரே கோடு. ஆக ஒரு கொம்பு, ஒரு ப, ஒரு கோடு, ஒரு ன இருந்தால் பொன் என்றும் படிக்கலாம், போன என்றும் படிக்கலாம், பேரன் என்றும் படிக்கலாம். பொன் என்றால் விலைக்கு வாங்கியது. பேரன் என்றால் பங்கு கேட்க இன்னும் ஆறு பேர் வருவார்கள்.

பெரியப்பா உடனே வாய் திறக்கவில்லை. மூன்று சாயங்காலம் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அந்த ஒற்றை ஓலையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அலுத்துப்போய்ப் பக்கத்திலேயே தூங்கிவிடுவேன். மூன்றாம் நாள் இருவரையும் கூப்பிட்டு அடுத்த வரியைக் காட்டினார். அதில் "அவன் தம்பி" என்று வருகிறது.

"பொன்னுக்கு ஏதுடா தம்பி?" என்றார்.

தோற்ற பங்காளி அதன் பிறகு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவர் பெண்டாட்டி மட்டும் பிள்ளைக்கு மாந்தம் என்றால் கொல்லைப்புறமாக வருவாள்.

மூன்று சாயங்காலம் என்று எழுதும்போது எனக்கு ஹேண்ட்மர் ஞாபகம்தான் வருகிறது. இருவரும் செய்தது ஒரே காரியம், எதுவும் தெரியாத இடத்தைத் தெரிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் ஒரு பிள்ளை அப்படி உட்கார்ந்தால் "என்ன பராக்குப் பார்க்கிறே?" என்று எழுப்பி டியூஷனுக்கு அனுப்புவோம். நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். நானும் என் பையனை அனுப்பினேன், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

சரி, இவ்வளவு பாடுபட்டு அந்தச் சுருளில் என்னதான் கிடைத்தது என்று கேட்பீர்கள். இன்பத்தைப் பற்றிய தத்துவம். கிரேக்க ஞானி எபிகூரஸ் வழிவந்த ஃபிலோடெமஸ் எழுதியதாக இருக்கும் என்கிறார்கள். அரிதாகக் கிடைப்பது, தாராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று ஆராய்கிறார், சாப்பாட்டை உதாரணம் காட்டுகிறார், அங்கே ஊறுகாய் போடும் கேப்பர் மொக்கு பற்றியும் பேச்சு வருகிறது. நாம் வற்றல் போடும் ஆதொண்டைக்கு ஒன்றுவிட்ட உறவு அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆள் 2,000 வருஷம் எரிமலைக்குள் கிடந்துவிட்டு, வெளியே வந்ததும் ஊறுகாய் பற்றிப் பேசுகிறாரே! ஆக்ஸ்போர்டில் இருக்கும் இன்னொரு சுருளில் 2025இல் தலைப்பே கிடைத்துவிட்டது. அதுவும் ஃபிலோடெமஸ், தீய குணங்களைப் பற்றியது.

அங்கே எரிந்ததால் பிழைத்தது. இங்கே எரியாத ஓலைகளைக் கரையானுக்கும் ஆடிப்பெருக்குத் தண்ணீருக்கும் நாமே கொடுத்தோம். பெரியப்பா செத்த வருஷம் ஏழெட்டுக் கட்டுகள் ஆற்றில் போனதை நான் படித்துறையில் நின்று பார்த்தேன். மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மரியாதையாகத்தான் விட்டார்கள். எனக்கு அப்போது அது திருவிழா. அதை நினைத்தால் இப்போதும் உங்கள் மேல்கூடக் கோபம் வருகிறது. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மன்னியுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுவடியியல் படித்தால் சம்பளம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தவில்லை. ஆனால் நிரல் எழுதத் தெரிந்த ஒரு பெண் தானாக வந்து எனக்கு ஏடு படிக்க வேண்டும் என்கிறாள், நீங்கள் அதை ஒரு வியாதியைச் சொல்வதுபோல எழுதுகிறீர்கள். அந்தப் போட்டியில் ஜெயித்த மூவரும் கணினிப் பிள்ளைகள், தாங்கள் எடுத்துக் கொடுத்த எழுத்தைப் படிக்க முடியாமல் கிரேக்கம் தெரிந்தவர்கள் முன் போய் நின்றார்கள். உங்கள் வீட்டில் ஒரே பிள்ளை இரண்டுக்கும் ஆசைப்படுகிறது.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள். என் மேசையில் இருக்கும் கட்டு 40 ஏடு தேறும், ஒரு மூலை பூச்சி அரித்திருக்கிறது. வைத்தியமா, கணக்கா, நில ஓலையா என்பதுகூட எனக்குத் தெரியாது. பெரியப்பாவிடம் நான் கற்றது கரி குழைக்க மட்டும்தான், படிக்கக் கற்கவில்லை. லீவு விட்டதும் அழைத்து வாருங்கள். இலைச்சாறு எல்லாம் இப்போது வேண்டாமாம், லெமன் கிராஸ் எண்ணெயில் விளக்குக்கரி கலந்தால் போதும் என்கிறார்கள். எண்ணெயும் பஞ்சும் நான் வாங்கி வைக்கிறேன்.